பெத்தது நாலு, நின்னது மூணு

கேள்வி: எங்கள் மகள் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த மாதம் ஒரு வருஷம் ஆகிறது. "சின்னப் பிள்ளைக்குத் திதி கிடையாது, படம் மாட்டாதே, அவள் பேச்சையே எடுத்துக்கொண்டிருந்தால் ஆத்மா அலையும்" என்கிறார்கள் பெரியவர்கள். கணவர் அவள் பெயரைச் சொல்வதே இல்லை. மூன்றரை வயதுத் தம்பி "அக்கா எங்கே" என்று தினமும் கேட்கிறான். அவளை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? அந்த நாளில் என்ன செய்வது?

பதில்:

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். படம் மாட்டலாம். பேர் சொல்லலாம். அந்த நாளில் விளக்கேற்றிப் படைக்கலாம். நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். லீவு நாட்களில் ஊர் ஊராகப் போய் வீட்டுச் சாமிக் கதைகளைக் கேட்டு நோட்டில் எழுதி வைப்பேன். அந்தக் கிறுக்கு வந்ததற்குக் காரணமே நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1965ல், ஏழு வயதில் பேதியில் இறந்துபோன என் மூத்த அக்காதான். அதனால் படித்ததையும் வீட்டில் பார்த்ததையும் கலந்துதான் சொல்வேன்.

"திதி கிடையாது" என்பது எங்கிருந்து வருகிறது? மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. இரண்டு வயது நிறையாத குழந்தை இறந்தால் அலங்கரித்து ஊருக்கு வெளியே சுத்தமான மண்ணில் புதைக்க வேண்டும். எரிக்க வேண்டாம், எலும்பு பொறுக்க வேண்டாம். மூன்று வயது ஆகாத பிள்ளைக்குத் தண்ணீர் விடும் கடன் உறவுக்காரர்களுக்கு இல்லை. இதைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே, பல் முளைத்திருந்தாலோ பெயர் வைத்திருந்தாலோ விடலாம் என்றும் வருகிறது. எனக்கும் அந்த நூலுக்கும் ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றுவிடுவேன். யாரோ ஒரு தகப்பன் வந்து, "பேர் வைச்சுட்டோமே சாமி, ஒரு கைத் தண்ணியாவது விடக் கூடாதா?" என்று கேட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றும். இது என் கற்பனை.

உங்கள் மகள் இந்த வரம்புகளையெல்லாம் தாண்டியவள். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன சடங்கு என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். உங்கள் வீட்டு வழக்கம் தெரிந்த ஒருவரைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. திதி வேண்டாம் என்றால் சடங்குக் கடன் இல்லை என்றுதான் பொருள். பெரியவர்களுக்குச் செய்யும் காரியங்கள் கடன் தீர்க்கவும் வழி அனுப்பவும். குழந்தைக்குக் கடனும் இல்லை, வழி காட்டவும் தேவையில்லை. சின்னதுகள் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. அதை மறந்துவிடு என்ற உத்தரவாக மாற்றியது பிற்பாடு வீட்டுத் திண்ணைகளில் நடந்த வேலை.

மாற்றியவர்கள் கொடியவர்களும் இல்லை. கணக்கைப் பாருங்கள். 1951 வாக்கில் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 146 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஏழில் ஒன்று. ஒரு வயதுக்குள் போனவர்கள் மட்டுமே இவ்வளவு. அம்மையிலும் பேதியிலும் மூன்று, ஐந்து, ஏழு வயதில் போனவர்கள் இதில் சேரவில்லை. தெருவில் பிள்ளையைப் பறிகொடுக்காத தாய் அபூர்வம். கைக்குழந்தை இடுப்பில், இன்னொன்று வயிற்றில், வயலில் களை கிடக்கிறது. "வந்த கணக்கு முடிஞ்சுது, எந்திரிம்மா" என்று சொல்லித்தான் அவளை எழுப்பினார்கள். 2020ல் அந்த எண் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இன்றைக்கு உங்கள் தெருவில் உங்களைப் போல ஒருத்தி இருக்க மாட்டாள். "எனக்கும்தான் ரெண்டு போச்சு தாயி" என்று பக்கத்தில் வந்து உட்கார ஆள் இல்லை. ஆனால் அந்தக் காலத்துப் பேச்சு மட்டும் அப்படியே வந்துவிட்டது. அதனால்தான் அது உங்களுக்கு இவ்வளவு பாரமாக இருக்கிறது.

சரி, அந்தக் காலத்து ஜனங்களாவது மறந்தார்களா? எங்கள் வீட்டையே சொல்கிறேன்.

ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்கள் ஊர். பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், உத்தரத்திலிருந்து ஒரு பனை ஓலைப் பெட்டி தொங்கும், மூடி போட்டு, கயிற்றில் கட்டி. கன்னிப் பெட்டி என்போம். அதற்குக் கீழே செருப்போடு போகக் கூடாது, சண்டை போடக் கூடாது. தைப்பொங்கல் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை இரவு அது இறங்கும். ஆச்சி இருந்தவரை ஆச்சி இறக்குவாள், அப்புறம் அம்மா. உள்ளே ஒரு பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், சிவப்பு ரிப்பன், ஒரு மரச்சீப்பு, சாந்துப்பொட்டு டப்பா. பழைய பாவாடையை எடுத்துவிட்டுப் புதுசை மடித்து வைப்பார்கள். வாழையிலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல், பாசிப்பருப்புப் பாயசம், முறுக்கு, அவித்த பனங்கிழங்கு. பனங்கிழங்கு அக்காவுக்குப் பிரியமாம், நாரை உரிக்கத் தெரியாமல் அப்படியே கடித்துத் துப்புவாளாம். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் அம்மா இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. எனக்குப் பார்க்கக் கிடைக்காத அக்கா, பனங்கிழங்கு நாரைத் துப்புகிறவளாக என் மனசில் இருக்கிறாள்.

எடுத்த பழைய பாவாடை வீணாகாது. அந்த அளவில் வீட்டில் எந்தப் பெண் பிள்ளை இருக்கிறதோ அதற்கு. என் சித்தி மகள் இரண்டு வருஷம் அக்காவின் பாவாடையை உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். "யார் பாவாடைட்டி இது?" என்று கேட்டால், "பெரியக்கா குடுத்தது" என்பாள், ஏதோ அக்கா பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருப்பது மாதிரி.

இது எங்கள் வீட்டு விசேஷம் இல்லை. தெற்கே கன்னி என்பதை வட மாவட்டங்களில் பூவாடைக்காரி என்பார்கள். கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்த பெண்தான் அங்கே பூவாடைக்காரி. வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் படைத்து, துணி வைத்து, அவள் உத்தரவு வாங்கிய பிறகுதான் பத்திரிகை, முகூர்த்தக்கால் எல்லாம். சாதி தாண்டிய வழக்கம் இது. இதில் பயமும் கலந்திருக்கிறது, மறைக்க வேண்டாம். ஆசை தீராமல் போன பிள்ளை ஏதாவது செய்துவிடுமோ என்ற பயம். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு நேர் எதிராக அல்லவா அந்த நம்பிக்கை ஓடுகிறது? கவனிப்பார் இல்லாத உயிர்தான் அலையும். வருஷத்துக்கு ஒரு தரம் துணி வைத்து, பாயசம் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது வீட்டுக் காவலாக உட்கார்ந்துவிடும். ஆத்மா அலையும் என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் பாட்டி வீட்டிலும் ஒரு பெட்டி தொங்கியிருக்கும். (ஆண் பிள்ளைகளுக்கு இந்த அளவு வழக்கம் நான் பார்த்தவரை இல்லை. ஏனோ.)

பெட்டி இல்லாத வீடுகளில் பெயர் இருக்கும். பிறந்தது பிறந்தது போய்க்கொண்டிருந்தால், அடுத்த குழந்தையைக் குப்பை மேட்டில் புரட்டி எடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்று வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள், அது தவிட்டம்மாள். பிச்சை, பிச்சையம்மாள், மூக்குக் குத்தி விட்ட மூக்கன், எல்லாம் இந்த வகை. எமன் வந்து பார்த்தால் மதிக்காமல் போய்விடட்டும் என்று. இன்றைக்கும் கடைசிப் பிள்ளையைக் கேலி செய்ய, "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்கிறோமே, அந்தக் கேலிக்குள்ளே நிற்காமல் போன ஒரு குழந்தை இருக்கிறது. உயிரோடு இருப்பவன் வாழ்நாள் முழுக்க, போனவனின் ஞாபகத்தைப் பெயராகச் சுமந்திருக்கிறான்.

சாலையோரம் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு மேலே ஒன்று கிடத்தியிருக்கும். தலைச்சுமையை யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாற. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது அது. அவள் இறக்காமல் போன சுமையை வழிப்போக்கர்கள் இறக்கட்டும் என்று. பிறக்கவே பிறக்காத, பேரில்லாத பிள்ளைக்கு நம் ஊர்க்காரன் நட்ட கல். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான நினைவுச் சின்னத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இன்னும் பின்னே போனால் புறநானூறு 74. சோழனிடம் சிறைப்பட்டுக் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாட்டு. குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதையும் ஆள் இல்லை என்று விடாமல் வாளால் கீறிப் புதைக்கிற குடியில் பிறந்தவன் நான், இப்படிச் சங்கிலியில் கிடந்து தண்ணீருக்குக் கையேந்துகிறேனே என்கிறான். அவன் பேசுவது தன் மானத்தைப் பற்றி. நமக்குக் கொடூரமாகப் படும் வழக்கம்தான். ஆனால் 'ஆள் அன்று' என்று தள்ள மாட்டோம் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். மூச்சே விடாத குழந்தையையும் ஆள் கணக்கில் சேர்த்தார்கள்.

ஆள் கணக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வாத்தியார்களை அனுப்பினார்கள், நானும் போனேன். கல்யாணம் ஆன பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இரண்டு உண்டு. உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எத்தனை, இதுவரை உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை. ஆண், பெண் தனித்தனியாக. கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். இளம் பெண்கள் இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கிழவிகள்தான் நிற்பார்கள். ஒரு பாட்டி முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே, "பெத்தது ஏழு, நின்னது மூணு" என்றாள். எண்களை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன். "பேரெல்லாம் எழுதலியா?" என்றாள். இறந்தவர்கள் பெயருக்குப் படிவத்தில் இடம் இல்லை பாட்டி என்றேன். "இடமில்லாட்டி போவுது, கேட்டுக்கிட்டாவது போ" என்று முறத்தைக் கீழே வைத்து நான்கு பெயரும் சொன்னாள். இரண்டுக்கு அம்மை, ஒன்று கிணறு, ஒன்று பிறந்து பதினொரு நாள். பதினொரு நாள் பிள்ளைக்கும் பெயர் இருந்தது. அறுபது வருஷம் ஆகியிருக்கும், ஒரு பெயருக்கும் தடுமாறவில்லை.

உங்களிடம் யாராவது "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்கும்போதெல்லாம் தொண்டையை அடைக்குமே, அதற்கு நம் பேச்சிலேயே பதில் இருக்கிறது. பெத்தது ரெண்டு, நின்னது ஒண்ணு. என் அம்மா சாகிறவரை "பெத்தது நாலு, நின்னது மூணு" என்றுதான் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முகம் தெரியாதவளிடமும். எல்லா நேரமும் இப்படிச் சொல்ல வேண்டும் என்றில்லை. பேங்கில் படிவம் நிரப்புகிற பையனிடம் "ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனால் மகளுக்குத் துரோகம் ஆகிவிடாது. எங்கே சொல்வது என்பதை அந்தந்த நேரத்துத் தெம்பு முடிவு செய்யட்டும்.

வேறு மதத்தில் எப்படி என்று கேட்பீர்களானால், இரண்டு வரி. நபிகள் நாயகத்தின் மகன் இப்ராஹீம் பால்குடி மறக்காத வயதில் இறந்தான். அவர் அழுதார். கண் நீர் வடிக்கிறது, மனசு வருந்துகிறது, ஆனால் இறைவனுக்குப் பிடிக்காததைச் சொல்ல மாட்டோம் என்றார். அன்று சூரிய கிரகணம். நபியின் பிள்ளைக்காக வானமே இருண்டது என்று ஜனங்கள் பேசினார்கள். யார் சாவுக்காகவும் சூரியனுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவரே அதைத் திருத்தினார். அழுகையை அடக்கவும் இல்லை, அதைப் பெரிதாக்கிக் கதை கட்டவும் விடவில்லை. கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களுக்கு அன்று சாயங்காலம் போய்ப் பாருங்கள். அரை ஆள் நீளம்கூட இல்லாத கல்லறைகளில்தான் பூவும் மெழுகுவர்த்தியும் அதிகமாக இருக்கும்.

கும்பகோணத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 2004 ஜூலை 16, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்த இடத்திலிருந்து கூரைக்குப் பரவிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் பெற்றோர்கள் காசிராமன் தெருவில் பள்ளி முன்னால் கூடுகிறார்கள். பிள்ளைகளின் படங்களை பேனரில் வைத்து, பூப்போட்டு, அந்தந்தப் பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தை வைத்துப் படைக்கிறார்கள். சாயங்காலம் மகாமகக் குளத்தில் மோட்ச தீபம். அந்த பேனரில் எல்லாருக்கும் இன்னும் பள்ளிக்கூட வயதுதான். முன்னால் நிற்கும் அம்மாக்களுக்குத் தலை நரைத்துவிட்டது. எந்த சாஸ்திரமும் அவர்களை அங்கே வரச் சொல்லவில்லை. வராதே என்று சொல்லவும் இன்றுவரை யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்த்துவிடலாம். இருபதாம் நூற்றாண்டில் ரொம்ப காலம் மனநலத் துறையிலும் நம் திண்ணைப் பேச்சுதான் நடந்தது. மனோதத்துவ அறிஞர் பிராய்ட் 1917ல் எழுதியதை வைத்து, துக்கம் என்பது இறந்தவரிடமிருந்து மனசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுக்கும் வேலை, கழற்றி முடித்தால் குணம் என்றார்கள். பிள்ளையை இழந்த பெற்றோரோடு வருஷக்கணக்கில் பழகிய ஆராய்ச்சியாளர்கள் சிலர் 1996 வாக்கில் இதை மறுத்தார்கள். நல்லபடியாகத் தேறி வேலைக்குப் போய்ச் சிரித்துப் பேசுகிற பெற்றோர்களும் பிள்ளையோடு உள்ள உறவை அறுக்கவில்லை. அதன் வடிவத்தை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டார்கள். என் ஆச்சிக்கு இதைப் படித்துக் காட்டியிருந்தால், "இதுக்கா இம்புட்டுப் படிப்பு" என்று கேட்டிருப்பாள்.

பெட்டி என்பதுகூட நம் ஊர்ச் சொத்து மட்டும் இல்லை. பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் மகள் ஆனி பத்து வயதில், 1851 ஏப்ரல் 23ல் இறந்தாள். ஒரு வாரத்தில் டார்வின் உட்கார்ந்து அவளைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார்: அவள் முகம், நடை, கட்டிப்பிடிக்கிற விதம். பின்னாளில் ஞாபகம் மங்கினால் இது வேண்டியிருக்கும் என்றே எழுதினார். அம்மா எம்மா, ஆனியின் எழுது பெட்டியைப் பேனா இறகும் ரிப்பனுமாகக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தாள். நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து அந்தக் குடும்பத்து வாரிசு ஒருவர் கையில் அது கிடைத்தது. ஒரு ரிப்பன் அங்கேயும்.

இனி உங்கள் விஷயம்.

டார்வின் செய்ததை இந்த வாரமே செய்யுங்கள். ஒரு நோட்டு வாங்கி எழுதுங்கள். பெரிய சம்பவங்கள் தானாக நிற்கும்; சின்னவைதான் போகும். எந்தச் சொல்லை எப்படித் திருகிச் சொல்வாள், எந்தக் காய்க்கு முகத்தைச் சுளிப்பாள், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவாள். அடம் பிடித்ததையும் எழுதுங்கள், தம்பியைக் கிள்ளியதையும் எழுதுங்கள். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் இறந்த பிள்ளைக்குப் பின்னால் வளர்ந்தவன் நான். அக்கா அழவே மாட்டாள், அடுப்படியில் ஒத்தாசை செய்வாள், சொன்ன பேச்சு கேட்பாள் என்றே கேட்டு வளர்ந்தேன். ஒரு நாள் சித்தி, "அவளா? என் தலைமுடியைப் பிடிச்சு இழுத்தா விடவே மாட்டா" என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்குத்தான் அவள் எனக்கு அக்கா ஆனாள்.

போனில் இருக்கும் படம், வீடியோ, அவள் யாருக்கோ அனுப்பிய வாட்ஸ்அப் குரல் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இப்போது கேட்க முடியாவிட்டால் கேட்க வேண்டாம், வைத்திருங்கள். முகத்தைவிடக் குரல் சீக்கிரம் மறந்துபோகும். எங்கள் வீட்டில் அக்காவுக்குக் குரல் இல்லை. துணிமணிகளை யாராவது "கண்ணுக்கு முன்னால இருந்தா கஷ்டம்" என்று மொத்தமாக அள்ளிக்கொண்டு போக வந்தால் விடாதீர்கள். ஒரு பெட்டி அளவுக்கு எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம். அவள் இருந்த அறையை அப்படியே பூட்டி வைப்பதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தம்பி ஓடி விளையாட இடம் வேண்டும்.

தம்பியிடம் உண்மையைச் சொல்லுங்கள். "அக்காவுக்கு ரொம்பக் காய்ச்சல் வந்து செத்துப்போயிட்டா. அவ உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. திரும்பி வர மாட்டா." கேட்க முரடாக இருக்கும். ஆனால் தூங்குகிறாள் என்றால் அவன் தூங்கப் பயப்படுவான், ஊருக்குப் போயிருக்கிறாள் என்றால் நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் அலறுவான், சாமி கூட்டிப் போய்விட்டார் என்றால் சாமிமேல் கோபம் வரும். இந்த வயதில் 'திரும்பி வராது' என்பது பிடிபடாது, ஐந்து ஏழு வயதில்தான் மெல்லப் புரியும். அதுவரை கேட்டுக்கொண்டேதான் இருப்பான். நீங்களும் அதே வார்த்தைகளில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: உன்னால் இல்லை, எல்லாக் காய்ச்சலுக்கும் யாரும் சாக மாட்டார்கள். அவனுக்குச் சளி பிடிக்கும்போது இரண்டாவது ரொம்ப உதவும்.

கணவர் பெயரைச் சொல்லவில்லை என்கிறீர்கள். என் அப்பாவும் சொன்னதில்லை, ஒரு தடவைகூட. கன்னிக்குப் படைக்கிற நேரத்தில் தெருவாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். ஆனால் பெட்டி இறங்குகிற அன்று காலையிலேயே புதுக் கயிறு வாங்கி வந்து, தண்ணீரில் நனைத்து முறுக்கேற்றி வைத்திருப்பார். படையல் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பழைய கயிற்றை அவிழ்த்துப் புதுக் கயிற்றில் பெட்டியைக் கட்டுவார். வேறு யாரும் கட்ட விடமாட்டார். சும்மா ஒரு ஓலைப் பெட்டிக்கு அத்தனை முடிச்சு எதற்கு என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரரிடம் பேசச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். படத்துக்குச் சட்டம் போட, வீடியோக்களை நகல் எடுக்க, அவள் உயரத்துக்குச் சுவரில் போட்ட கோடு அழியாமல் பெயிண்ட் அடிக்க.

முதல் வருஷ நாள். அந்த நாளைவிட அதற்கு முந்தைய வாரம் மோசமாக இருக்கும், இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். காரியம் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். விளக்கு, அவளுக்குப் பிடித்த தின்பண்டம், அவளை உண்மையாகவே தெரிந்த நாலைந்து பேர். ஆளுக்கு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். அவள் பள்ளித் தோழிகளின் அம்மாக்களைக் கூப்பிடுங்கள், உங்களை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல்தான் பாதிப்பேர் ஒதுங்கியிருப்பார்கள். என்னைக் கேட்டால் இறந்தநாளைவிடப் பிறந்தநாளுக்கு அதிகம் செய்வேன். பக்கத்து அங்கன்வாடிக்கு அன்று ஒரு வேளைப் பாயசம் போதும். சின்னக்குயில் சித்ராவின் மகள் நந்தனா 2011ல் எட்டு வயதில் போனாள். அவர் இன்றும் அவள் பிறந்தநாளுக்கு மகளோடு பேசுவதுபோல எழுதுகிறார், ஊரே சேர்ந்து கண்கலங்குகிறது. வசதி படைத்தவர்கள் பெரிதாகவும் செய்வார்கள். பதினைந்து வயதில் டைபாய்டில் இறந்த மகன் பெயரில் கலிபோர்னியாவில் ஒரு பெற்றோர் கட்டியதுதான் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம். அதன் முழுப் பெயரில் இன்னும் அந்தப் பையன் இருக்கிறான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், இருக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எதுவுமே முடியாமல், நாள் தவறாமல் அதே முதல் நாள் நிலைமையில் இருந்தால் அது பாசத்தின் அளவு இல்லை. மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயரே வைத்து 2022ல் அமெரிக்க நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சிகிச்சை உண்டு. அவளோடு நானும் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றினாலும் 14416க்குப் போன் பண்ணுங்கள். டெலிமானஸ், அரசாங்கத்து இலவச எண், இருபத்துநாலு மணி நேரமும், தமிழில் பேசலாம். கணவருக்கும் இந்த எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

புதுத்துணி வைக்கலாமா என்று உங்களுக்கு யோசனை வரும். வந்தால் கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: ஆறு வயது அளவிலா, ஏழு வயது அளவிலா? இதற்கு வழக்கம் எதுவும் கிடையாது. அம்மா வருஷா வருஷம் மார்கழிக் கடைசியில் ஸ்ரீவைகுண்டத்து ஜவுளிக்கடைக்குப் போவாள். "எத்தனை வயசுப் பிள்ளைக்கு அம்மா?" என்பார் கடைக்காரர். "ஏழு" என்பாள். கடை மகன் கைக்கு மாறியது, அம்மாவுக்குக் கண் புரை விழுந்து ஆபரேஷன் ஆனது, பாவாடை துணி போய் ரெடிமேட் கவுன் வந்தது. ஏழுதான். கடைசி இரண்டு வருஷம் நான் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பையன் கவுனைப் பிரித்துக் காட்டிவிட்டு, "பேத்திக்கா பாட்டி?" என்று கேட்டான். "மகளுக்கு" என்றாள். அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான், அப்புறம் ஒன்றும் கேட்காமல் இன்னும் நாலு கவுனை எடுத்துப் போட்டான்.